பணம் போனது தெரிகிறது, வேலை ஆனது தெரிகிறதா?

மாணவர்களே, முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு வேலைக்கு மொத்தம் 9.128 பில்லியன் ரிங்கிட் என்று ஒப்பந்தம். அதில் 6.083 பில்லியன் ரிங்கிட் கொடுத்தாயிற்று. எத்தனை விழுக்காடு? கணிப்பானைத் தட்டினால் 66.6 என்று வரும். மூன்றில் இரண்டு பங்கு பணம் போயிருக்கிறது என்றால், வேலையிலும் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இது பாடநூலில் வரும் கணக்கு அல்ல. அரச மலேசியக் கடற்படைக்காகப் பேராக் மாநிலத்தின் லுமுட் நகரில் கட்டப்படும் எல்சிஎஸ் போர்க்கப்பல்களின் கணக்கு. பிரான்சு நாட்டின் கோவிண்ட் வடிவமைப்பில் ஆறு கப்பல்கள் கட்டுவதென 2014இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் கப்பல் 2019இல் கடற்படையிடம் வந்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. மூல அட்டவணைப்படி அந்நேரத்தில் ஐந்து கப்பல்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு கப்பல்கூட முழுமையாகக் கட்டி முடிக்கப்படவில்லை என்று குழு சொன்னது.

எங்கே பிசகியது? அரசியல், நிர்வாகம், சட்டம் என்று பல கோணங்களில் இதற்குப் பதில் தேடலாம். நாம் இன்று பார்க்கப்போவது அளவீடு என்னும் கோணத்தை. பெரிய வேலை ஒன்று எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதை எப்படி அளப்பது? வெப்பநிலைக்கு வெப்பமானி இருக்கிறது, எடைக்குத் தராசு இருக்கிறது. பாதி கட்டிய போர்க்கப்பலை எந்தத் தராசில் நிறுப்பது?

சுவரில் பத்து ஓவியங்கள்

எளிமையான ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்குவோம். உங்கள் அறிவியல் கழகம் பள்ளிச் சுவரில் பத்து ஓவியங்கள் வரைய முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓவியத்துக்குச் சாயம், தூரிகை எல்லாம் சேர்த்து 50 ரிங்கிட். வாரத்துக்கு ஓர் ஓவியம் வீதம் பத்து வாரம். மொத்தச் செலவு 500 ரிங்கிட். தலைமையாசிரியர் ஒப்புதலும் கொடுத்துவிட்டார்.

ஐந்து வாரம் கழித்துக் கழகப் பொருளாளர் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறார். செலவான பணம் 320 ரிங்கிட். இந்நேரம் 250 ரிங்கிட்தான் செலவாகியிருக்க வேண்டும். 70 ரிங்கிட் கூடுதல்.

இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லவே முடியாது. நீங்கள் சுறுசுறுப்பாக வேலை செய்து ஏழு ஓவியங்களை முடித்திருந்தால் 320 ரிங்கிட் மிகவும் மலிவு. நாலே ஓவியம்தான் முடிந்திருக்கிறது என்றால் அது ஆபத்து. ஆகவே மூன்றாவதாக ஓர் எண் தேவைப்படுகிறது. முடிந்த வேலைக்குத் திட்டப்படி எவ்வளவு மதிப்பு என்பதே அந்த எண். இதை ‘ஈட்டிய மதிப்பு’ என்று அழைக்கலாம்.

நான்கு ஓவியங்கள் முடிந்திருக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் திட்டத்தில் 50 ரிங்கிட். ஆகவே ஈட்டிய மதிப்பு 200 ரிங்கிட். இப்போது மூன்று எண்கள் கையில் உள்ளன.

திட்டமிட்ட மதிப்பு: 250
ஈட்டிய மதிப்பு: 200
உண்மைச் செலவு: 320

ஈட்டிய மதிப்பைத் திட்டமிட்ட மதிப்பால் வகுத்தால் 0.8. அதாவது ஒரு வாரத்தில் செய்ய வேண்டியதில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் செய்து வருகிறீர்கள். ஈட்டிய மதிப்பை உண்மைச் செலவால் வகுத்தால் 0.625. அதாவது செலவாகும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் 62.5 சென் பெறுமான வேலையே நடக்கிறது.

இனிமேல்தான் இந்தக் கணக்கின் பலன் தெரியும். இதே போக்கில் போனால் பத்து ஓவியங்களும் முடிய எவ்வளவு ஆகும்? மொத்தத் திட்டச் செலவை 0.625ஆல் வகுத்துப் பாருங்கள். 500 ÷ 0.625 = 800 ரிங்கிட். பாதி வழியில் நிற்கும்போதே, முடிவில் 300 ரிங்கிட் பற்றாக்குறை வரும் என்று எண்கள் சொல்லிவிடுகின்றன. அப்போதே தலைமையாசிரியரிடம் போய்ப் பேசலாம், ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், மலிவான சாயம் தேடலாம். பத்தாவது வாரம் வரை காத்திருந்தால் இவற்றில் எதுவும் செய்ய வழியில்லை.

1960களில் அமெரிக்க விமானப்படை மினிட்மேன் ஏவுகணைத் திட்டத்தை நடத்தியபோது இந்த முறையை வளர்த்தெடுத்தது. 1967இல் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு, பெரிய ஒப்பந்தங்களை எடுக்கும் நிறுவனங்கள் இந்தக் கணக்கை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு 35 அளவுகோல்களை வகுத்தது. இன்று போர் விமானம் முதல் விண்வெளித் தொலைநோக்கி வரை பல பெருந்திட்டங்களில் இதுவே நாடித்துடிப்பைப் பார்க்கும் கருவி.

‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’

இந்தக் கருவிக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஈட்டிய மதிப்பு சரியாக இருக்க வேண்டுமானால், வேலை முடிந்ததா இல்லையா என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம் முடிந்ததா என்று அம்மா கேட்டால், ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’ என்று நாம் சொல்வதில்லையா? அந்தக் ‘கிட்டத்தட்ட’ என்பது ஐம்பது விழுக்காடாகவும் இருக்கலாம், தொண்ணூறாகவும் இருக்கலாம்.

இதைத் தவிர்க்கத் திட்ட நிர்வாகிகள் வேலையைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு முடிவு இருக்க வேண்டும். சில துண்டுகளுக்கு விதி மிகவும் கண்டிப்பானது. முழுதாக முடிந்தால் முழு மதிப்பு, முடியாவிட்டால் சுழியம். தூரிகை பிடித்தவர் எவ்வளவு வியர்வை சிந்தினார் என்பது கணக்கில் வராது.

எந்த முடிவை மைல்கல்லாக வைப்பது என்பதும் முக்கியம். கப்பல் கட்டுவதில் நீரில் இறக்கும் விழா கண்ணுக்கு விருந்து. எல்சிஎஸ் வரிசையின் முதல் கப்பலான ‘மகாராஜா லேலா’ 2017 ஆகஸ்டில் லுமுட்டில் அப்படி விழா கண்டது. ஆனால் நீரில் மிதக்கும் உடல் வேறு, போரிடும் கப்பல் வேறு. அதன்பின் மின்கம்பிகள், குழாய்கள், ரேடார், ஆயுதங்கள், இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பேசவைக்கும் கணினிகள் என்று பெரிய வேலை காத்திருக்கிறது. துறைமுகச் சோதனை, கடற்சோதனை எல்லாம் அதற்கும் பிறகு. விழாப் படத்தைப் பார்த்து முன்னேற்றத்தை அளந்தால் ஏமாந்துபோவோம்.

எல்சிஎஸ் கப்பல்களின் விரிவான வடிவமைப்பு வரைபடங்களே முழுமையடையவில்லை என்பதும் பொதுக் கணக்குக் குழு சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று. கருவிகளுக்குப் பணம் கொடுப்பது எளிது. அந்தக் கருவி கப்பலில் எந்த அறையில், எந்தக் கம்பியோடு இணையும் என்று வரைபடம் சொல்லாவிட்டால் அது கிடங்கில்தான் கிடக்கும். செலவுக் கணக்கில் அது ‘வாங்கியாயிற்று’ என்று பதிவாகும். கப்பலோ ஓர் அங்குலமும் வளர்ந்திருக்காது.

சகோதரர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்

அளவீடு என்பது வேலை தொடங்கிய பிறகு வரும் விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தை எழுதும்போதே அது தொடங்கிவிடுகிறது. இதற்கு அழகான சான்று ஒன்று 1908ஆம் ஆண்டில் இருக்கிறது.

ரைட் சகோதரர்களிடமிருந்து விமானம் ஒன்றை வாங்க அமெரிக்கத் தரைப்படை அவ்வாண்டு பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தது. விலை 25,000 டாலர். நிபந்தனைகள் சுருக்கமானவை. இரண்டு பேரைச் சுமக்க வேண்டும், அவர்களின் மொத்த எடை 350 பவுண்டு. 125 மைல் பறக்கப் போதுமான எரிபொருளை ஏற்ற வேண்டும். சராசரி வேகம் மணிக்கு 40 மைல். வேகம் இதற்கு மேல் போனால் ஒவ்வொரு முழு மைலுக்கும் விலையில் 10 விழுக்காடு கூடுதல். குறைந்தால் அதே வீதத்தில் கழிவு. 36 மைலுக்குக் கீழே போனால் விமானமே வேண்டாம்.

1908 செப்டம்பரில் சோதனையின்போது விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் பயணம் செய்த இராணுவ அதிகாரி தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் உயிரிழந்தார், ஓர்வில் ரைட் படுகாயமடைந்தார். கெடு நீட்டிக்கப்பட்டது. 1909இல் புதிய விமானத்தோடு திரும்பி வந்த சகோதரர்கள் வேகச் சோதனையில் மணிக்கு 42.5 மைலுக்கு மேல் எட்டினார்கள். இரண்டு முழு மைல் கூடுதல், ஆகவே 20 விழுக்காடு கூடுதல். அவர்கள் பெற்ற தொகை 30,000 டாலர்.

மேலே சொன்ன நிபந்தனைகளில் ‘சிறப்பாகப் பறக்க வேண்டும்’ என்பது போன்ற மழுப்பலான வாசகத்துக்கு இடமில்லை. எல்லாமே கடிகாரத்தாலும் தராசாலும் சரிபார்க்கக்கூடியவை. வேலை முடிந்ததா என்று இரு தரப்பும் சண்டை போடத் தேவையில்லை. எண் என்ன என்று பார்த்தால் போதும்.

முக்கோண விமானத்தின் கதை

எண்கள் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. யாராவது அவற்றைப் படிக்க வேண்டும், படித்ததை நம்பவும் வேண்டும். ஏ-12 விமானத்தின் கதை அதைச் சொல்கிறது.

1988 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை, ரேடாரின் கண்ணுக்கு எளிதில் படாத குண்டுவீச்சு விமானம் ஒன்றை உருவாக்க மெக்டானல் டக்ளஸ், ஜெனரல் டைனமிக்ஸ் ஆகிய இரு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்தது. விமானம் முக்கோண வடிவம் கொண்டது. விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து பறந்து, அதிலேயே இறங்க வேண்டும். ஒப்பந்தத்தில் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, சுமார் 4.8 பில்லியன் டாலர். அதற்கு மேல் ஆகும் செலவு நிறுவனங்களின் தலையில் விழும்.

கேட்பதற்கு அரசாங்கத்துக்குச் சாதகமான ஏற்பாடு போலத் தெரிகிறது. ஆனால் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்யும்போது அதன் உண்மையான விலை யாருக்கும் தெரியாது. வீட்டுக் கூரையை மாற்ற நிலையான விலை பேசலாம், ஏனென்றால் ஆயிரம் கூரைகள் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கின்றன. ஏ-12 அப்படியல்ல. புதுவகைக் கலவைப் பொருள்களால் விமான உடலைச் செய்வது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. எடை கூடிக்கொண்டே போனது. வேலை பின்தங்கியது.

நிறுவனங்கள் மாதந்தோறும் செலவு அறிக்கைகளைக் கொடுத்தன. நாம் சுவரோவியத்துக்குப் போட்ட அதே கணக்கு அவற்றிலும் இருந்தது. பணம் வேகமாகவும் வேலை மெதுவாகவும் போவதை அந்த எண்கள் காட்டின. அவற்றைப் படித்த செலவு ஆய்வாளர் ஒருவர் பெருந்தொகை மிஞ்சும் என்று எச்சரித்தும் இருந்தார். ஆனால் மேலே போன செய்தி வேறு. 1990 ஏப்ரலில் தற்காப்பு அமைச்சர் டிக் சேனி நாடாளுமன்றத்தில் திட்டம் நல்லபடியாகப் போவதாகவே தெரிவித்தார். சில வாரங்களில், ஜூன் தொடக்கத்தில், நிறுவனங்கள் உண்மையைச் சொல்லிவிட்டன. முதல் பறப்பு தாமதமாகும், செலவு உச்சவரம்பைத் தாண்டும்.

பிறகு நடந்த கடற்படையின் விசாரணை, எச்சரிக்கை எண்கள் இருந்தும் அவை மேலிடத்தை எட்டவில்லை என்று கண்டறிந்தது. நிர்வாகிகள் எப்போதும் நம்பிக்கையான மதிப்பீட்டையே தேர்ந்தெடுத்தார்கள். கெட்ட செய்தியை மேலே சொல்லத் தயங்கும் பழக்கம் அமைப்பு முழுவதிலும் ஊறிப்போயிருந்தது. 1991 ஜனவரி 7ஆம் நாள் சேனி திட்டத்தையே இரத்து செய்தார். ஏ-12 விமானம் ஒன்றுகூட வானில் பறந்ததில்லை. ஆனால் வழக்கு பறந்துகொண்டே இருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது. விமானத்தை உருவாக்கச் செலவிட்டது மூன்றே ஆண்டு. வழக்காடியது இருபத்துமூன்று ஆண்டு.

மணி அடிக்கும் சட்டம்

கெட்ட செய்தியைச் சொல்ல மனிதர்கள் தயங்குவார்கள் என்றால் அதைச் சட்டமே சொல்லவைத்தால் என்ன? அமெரிக்காவில் 1982 முதல் அப்படி ஒரு விதி இருக்கிறது. அதைக் கொண்டுவந்த இருவரின் பெயரால் நன்-மெக்கர்டி சட்டம் என்று சொல்வார்கள். ஓர் ஆயுதத் திட்டத்தில் ஒரு விமானம் அல்லது ஒரு கப்பலுக்கான செலவு நடப்பு மதிப்பீட்டைவிட 15 விழுக்காடு கூடினால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 25 விழுக்காடு கூடினால் நிலைமை கடுமையாகும். திட்டம் இன்றியமையாதது, வேறு மலிவான வழி இல்லை என்றெல்லாம் தற்காப்பு அமைச்சர் சான்றளிக்காவிட்டால் திட்டம் நிறுத்தப்படும்.

2024இல் சென்டினல் ஏவுகணைத் திட்டத்துக்கு இந்த மணி அடித்தது. 2020இல் சுமார் 78 பில்லியன் டாலராக இருந்த மதிப்பீடு சுமார் 141 பில்லியனாக, அதாவது 81 விழுக்காடு, உயர்ந்திருந்தது. மறு ஆய்வுக்குப் பின் திட்டம் தொடரட்டும் என்று சான்றளிக்கப்பட்டது. மணி அடித்தால் திட்டம் செத்துவிடும் என்பதில்லை. எல்லார் காதிலும் விழும், அவ்வளவுதான். பொதுப்பணத்தைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரியம்.

இந்தச் சட்டம் ‘ஒன்றுக்கான செலவு’ என்று கேட்பதைக் கவனித்தீர்களா? அதன் காரணத்தை மீண்டும் எல்சிஎஸ் எண்களில் காணலாம். 2023 மே மாதம் அரசாங்கம் அத்திட்டத்துக்குத் துணை ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது. கப்பல்கள் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. மொத்தச் செலவு சுமார் 11.2 பில்லியன் ரிங்கிட் ஆனது. கப்பல் கட்டும் தளமும் அரசாங்கத்தின் கைக்கு மாறியது.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் 9.128இலிருந்து 11.2க்குப் போயிருக்கிறது. உயர்வு ஏறக்குறைய 23 விழுக்காடு. இப்போது ஒரு கப்பலுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். முன்பு 9.128 ÷ 6, அதாவது சுமார் 1.52 பில்லியன். இப்போது 11.2 ÷ 5, அதாவது 2.24 பில்லியன். உயர்வு ஏறக்குறைய 47 விழுக்காடு. எண்ணிக்கை குறையும்போது மொத்தத் தொகை பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிக் கதை ஒரு சாதாரண வகுத்தலில் ஒளிந்திருக்கிறது.

உங்களுக்கு இதில் என்ன வேலை?

இந்தக் கணக்குகளைப் போடுவது யார்? பொறியாளர்கள், கணக்காய்வாளர்கள், வழக்கறிஞர்கள், புள்ளியியலாளர்கள். சிங்கப்பூரில் ஆயுதப் படைக்கான பெரிய கொள்முதல்களைக் கவனிக்கும் தற்காப்பு அறிவியல், தொழில்நுட்ப அமைப்பில் பணிபுரிவோரில் பெரும்பாலோர் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும்தான். இயற்பியல் படித்தவர் ரேடாரை மட்டுமல்ல, ரேடாருக்கான ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டியிருக்கும்.

அந்தத் துறைக்குப் போகாவிட்டாலும் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவும். நெடுஞ்சாலை, மருத்துவமனை, ரயில் பாதை என்று எந்தப் பெரிய திட்டத்தைப் பற்றிச் செய்தி வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்நேரம் எவ்வளவு முடிந்திருக்க வேண்டும்? உண்மையில் எவ்வளவு முடிந்திருக்கிறது? அதற்கு எவ்வளவு செலவாகியிருக்கிறது? ‘முடிந்தது’ என்பதை யார், எதைக் கொண்டு சரிபார்த்தார்கள்?

செய்தியில் பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கு மட்டுமே பதில் இருக்கும். ‘இத்தனை மில்லியன் செலவிடப்பட்டுள்ளது’ என்பது முன்னேற்றம் போல் ஒலிக்கும். 6.083ஐ 9.128ஆல் வகுத்து வந்த 66.6 விழுக்காட்டை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அது கொடுத்த பணத்தின் அளவு. கப்பலின் அளவு அல்ல.